பிட்காயின்–ஈதர் நேரடிப் பரிமாற்றம்: ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் காசு சிக்கிக்கொள்ளும் இடங்கள்

குமார் பிட்காயினைப் பூட்டுகிறார், மாலா ஈதரைப் பூட்டுகிறார். இரண்டு பூட்டுக்கும் ஒரே ஹாஷ், அதாவது ஒரு ரகசியத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண். அந்த ரகசியம் குமாரிடம் இருக்கிறது. அதைக் காட்டி அவர் ஈதரை எடுத்ததும் ரகசியம் வெளியாகிவிடும். மாலா அதைக்கொண்டே பிட்காயினை எடுத்துக்கொள்வார். யாராவது பின்வாங்கினால், கெடு முடிந்ததும் அவரவர் காசு அவரவருக்கு.

அந்தக் கெடுவில்தான் நிரல்கள் அதிகம் சறுக்குகின்றன. குமாரின் பூட்டுக்குக் கெடு 48 மணி நேரம் என்றால் மாலாவின் பூட்டுக்கு 24 மணி நேரம்தான் இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால், குமார் கடைசி நிமிடத்தில் ஈதரை எடுத்துவிட்டு, மாலா சுதாரிப்பதற்குள் பிட்காயினையும் திரும்பப் பெற்றுவிடலாம்.

இன்னொன்று, அலகு. ஜாவாஸ்கிரிப்டின் கடிகாரம் மில்லி விநாடியில் எண்ணுகிறது. ஈதரின் வலையமைப்பான எத்தீரியத்தில் பூட்டைக் காக்கும் நிரலுக்கு ஒப்பந்தம் என்று பெயர், அது விநாடியில் பார்க்கிறது. 1000 ஆல் வகுக்க மறந்தால் மாலாவின் பணம் திரும்பும் நாள் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் போய்விடும். ஒப்பந்தத்தில் உச்சவரம்பு எழுதப்படாவிட்டால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. அதனால் பூட்டுவதற்கு முன் கெடுவைத் தேதியாக மாற்றித் திரையில் காட்டும் ஒரு வரியை நான் எப்போதும் சேர்க்கிறேன். பிட்காயின் பக்கத்தில் 50 கோடிக்குக் கீழான எண் நேரமாகவே கொள்ளப்படாது, பிளாக்கின் (பரிவர்த்தனைகளைப் பதியும் தொகுதியின்) வரிசை எண்ணாகக் கொள்ளப்படும். நேரமாகக் கொடுத்தாலும், கடைசி 11 பிளாக்குகளின் இடைநிலை நேரத்தோடு ஒப்பிடப்படுவதால் பணம் திரும்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிந்தும்.

தொகையைச் சாதாரண எண்ணில் வைக்காதீர்கள். தொகை வெய் என்ற மிகச்சிறிய அலகில் எண்ணப்படுகிறது, ஒரு ஈதர் என்பது 10^18 வெய். ஜாவாஸ்கிரிப்ட் பிசகாமல் தாங்கும் முழு எண் 9007199254740991 வரைதான், 0.01 ஈதரே அதைத் தாண்டிவிடும். பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகை வேண்டும்.

ரகசியத்தை ஜாவாஸ்கிரிப்டின் சாதாரணத் தற்போக்கு எண் கருவியான மேத்.ரேண்டம் கொண்டு உருவாக்கவே கூடாது, அது ஊகிக்கத்தக்கது. குறியாக்கத்துக்கான தொகுதியிலிருந்து 32 பைட் எடுங்கள். இரு பக்கமும் ஷா-256 ஹாஷ்தானா என்றும் பாருங்கள். எத்தீரியத்தில் வழக்கமான கெக்காக் ஹாஷைப் பிட்காயினில் சரிபார்க்க வழியில்லை.

பூட்டுவதற்கு முன்பே ரகசியத்தை வட்டில் எழுதிவிடுங்கள். நிரல் நடுவில் நின்று ரகசியம் தொலைந்தால் குமார் ஈதரை எடுக்க முடியாது. கெடு வரை பிட்காயினும் முடங்கிக் கிடக்கும். குமார் ஈதரை எடுத்த பின், பிட்காயினின் கெடு முடியும் வரை மாலாவின் நிரல் உறங்கிவிட்டாலோ, அவர் இழப்பு நிரந்தரம்.

உங்கள் நிரல் சார்ந்திருக்கும் பிறரின் தொகுப்புகள் தாமாகப் புதிய பதிப்புக்கு மாறாதபடி பதிப்பை நிலைநிறுத்திவையுங்கள். 2018 இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பிரபலமான தொகுப்புக்குள், கோபே என்ற பிட்காயின் பணப்பைச் செயலியைக் குறிவைத்த திருட்டு நிரல் இப்படித்தான் ஒரு புதிய பதிப்பு வழியாக நுழைந்தது.