கைவினைஞர்களுக்கான வட்டாரச் சங்கத்தைத் தொடங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்வது கடினமான காரியம் அன்று. வயது வந்த ஏழு பேரும், ஓர் அலுவலக முகவரியும், ஒழுங்காக எழுதப்பட்ட துணை விதிகளும் (பைலா) இருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடிந்துவிடும். அந்தச் சங்கம் யாருடையது என்பதைத் தீர்மானிப்பதில்தான் சிரமம் இருக்கிறது. கைவினைத் தொழில்களில் கையால் செய்பவர், கூலி கொடுத்துச் செய்விப்பவர், வாங்கி விற்பவர் ஆகிய மூவருமே தங்களைக் கைவினைஞர் என்று சொல்லிக்கொள்வது உண்டு. இவர்களுடைய நலன்கள் சில இடங்களில் ஒன்றுபடும், கூலி, விலை என்று வரும்போது விலகிப்போகும். ஆகவே இங்கே படிவங்களைவிட உறுப்பினர் தகுதிக்கே அதிக இடம் தரப்படுகிறது.

முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. வட்டாரம் என்பதைத் தாலுகா எல்லையாக எடுத்துக்கொள்வது வசதியாகத் தோன்றினாலும், தொழிலின் எல்லை அப்படி அமைவதில்லை. மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, வேலை எந்தெந்த ஊர்களில் கைமாறுகிறது என்பதைப் பார்த்தே எல்லையை வரைய வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒரே கையில் உருவாவதில்லை. அச்சு கட்டுபவர், உலோகத்தை உருக்கி வார்ப்பவர், கடைசல் போடுபவர், அரத்தால் ராவிச் செதுக்குபவர், மெருகேற்றுபவர் எனப் பல கைகளைக் கடந்தே அது கடைக்குப் போகிறது. சுவாமிமலைப் படிமங்களிலும் மெழுகில் உருவம் செய்வது, மண் பூசிக் கருக்கட்டுவது, உலோகம் ஊற்றுவது, உளியால் நுணுக்கம் செய்வது ஆகியவை தனித்தனி வேலைகள். ஊருக்குள் பெயர் தெரிந்த பட்டறைக்காரர்களை மட்டும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டால், மெருகு போடுபவரும் கருக்கட்டுபவரும் விடுபட்டுப்போவார்கள். பிற்பாடு அவர்களைச் சேர்த்தாலும் அது வேறொருவருடைய சங்கமாகவே அவர்களுக்குத் தோன்றும். எனவே வீடு வீடாகவும் பட்டறை பட்டறையாகவும் சென்று, ஒவ்வொருவரும் எந்தக் கட்ட வேலையைச் செய்கிறார், யாரிடம் கற்றார், கருவிகள் யாருக்குச் சொந்தம், மூலப்பொருளை யார் தருகிறார்கள், யாரிடமாவது முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்வியைத் தனிமையில் கேட்பது நல்லது, பட்டறைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு உண்மையான பதில் கிடைக்காது.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் உறுப்பினர் விதியை எழுத முடியும். பிறப்பை வைத்து எழுதாமல் வேலையை வைத்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல கைவினைகள் குறிப்பிட்ட சமூகங்களின் பரம்பரைத் தொழிலாக இருந்துவந்தவை என்பது உண்மைதான். ஆயினும் பட்டறைகளில் வேலை கற்றுத் தேர்ந்த வேறு சமூகத்தவரை வெளியே நிறுத்தும் விதி, தொழிற்சங்கத்தைச் சாதிச் சங்கமாக மாற்றிவிடும். அத்தகைய சங்கங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அதேபோல உறுப்பினர் உரிமையைக் குடும்பத்துக்கு ஒன்று என்று வைக்கக் கூடாது, ஆளுக்கு ஒன்று என்றே வைக்க வேண்டும். பத்தமடையில் கோரைப் பாய் நெய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். அதுபோன்ற தொழிலில் குடும்பத் தலைவர் பெயரில் சந்தா கட்டினால், நெய்பவர் வீட்டிலும் நெய்யாதவர் கூட்டத்திலும் இருப்பார்கள்.

வியாபாரிகளை என்ன செய்வது? அவர்களை விரோதிகளாக நடத்த வேண்டியதில்லை, சந்தையை அறிந்தவர்கள் அவர்கள்தான். ஆலோசனைக் கூட்டங்களுக்கு அழைக்கலாம், நன்கொடையும் பெறலாம். வாக்குரிமை மட்டும் தரக் கூடாது. தானும் வேலை செய்து, நாலு பேரை வைத்தும் வேலை வாங்குகிற பட்டறைக்காரர் விஷயம்தான் சிக்கலானது. அவரை ஒதுக்கினால் தொழில் நுட்பம் அறிந்த ஆளை இழக்கிறோம், சேர்த்தால் அவருடைய செல்வாக்கு மற்றவர்களை அமுக்கிவிடக்கூடும். அவருக்கு உறுப்பினர் உரிமை அளித்து, செயற்குழுவில் கூலிக்கு வேலை செய்வோருக்குப் பாதிக்குக் குறையாத இடங்களை ஒதுக்கிவிடுவது நடைமுறைக்கு ஒத்த வழி. முன்பணம் வாங்கியவர் அதைக் கொடுத்தவருக்கு எதிராகக் கையைத் தூக்க மாட்டார் என்பதால், செயற்குழுத் தேர்தல் ரகசிய வாக்கெடுப்பாகவே நடக்க வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்து, எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது என்ற கேள்வி வரும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கலை, கைவினை, குடிசைத் தொழில் ஆகியவற்றின் வளர்ச்சியைச் சங்கத்தின் நோக்கங்களாக ஏற்கிறது. பயிற்சி, கண்காட்சி, புவிசார் குறியீடு (ஒரு வட்டாரத்துக்கே உரிய பொருளின் பெயரைக் காக்கும் பதிவு), அரசிடம் பிரதிநிதித்துவம் ஆகியவற்றுக்கு இதுவே எளிய வடிவம். ஆனால் இப்படிப்பட்ட சங்கம் லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தர முடியாது. பொருளை மொத்தமாக விற்று வருவாயைப் பகிர்ந்துகொள்வதுதான் நோக்கம் என்றால், கூட்டுறவுச் சங்கமாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ அமைய வேண்டும். நிறுவனங்கள் சட்டத்தின்படி உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க உற்பத்தியாளர்கள் பத்துப் பேரும், இயக்குநர்கள் குறைந்தது ஐந்து பேரும் தேவை. கைத்தறி, கைவினைப் பொருள்களும் அதற்குள் அடங்கும். தனிநபர்கள் மட்டுமே உறுப்பினர்களாக உள்ள நிறுவனத்தில் பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான் என்பது இதன் சிறப்பு. கணக்கு, தணிக்கை, ஆண்டுத் தாக்கல் ஆகியவற்றின் சுமை இதில் கூடுதல் என்பதால், முதலில் சங்கமாகத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்து பார்த்த பிறகு விற்பனைக்கெனத் தனி நிறுவனம் அமைப்பதே நல்லது. பிரச்சினை முழுக்கக் கூலி உயர்வு பற்றியது என்றால் இவை எதுவும் வேண்டாம்; தொழிற்சங்கமாகப் பதியும் வழி அதற்காகவே இருக்கிறது. முன்பு தொழிற்சங்கச் சட்டம், 1926இன் கீழ் நடந்த அந்தப் பதிவு, 2025 நவம்பர் முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020இன் கீழ் வருகிறது.

சங்கமாகப் பதிவதென்று முடிவானால், முதற்கூட்டத்தில் பெயர், நோக்கம், துணை விதிகள், செயற்குழு ஆகியவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றி மினிட் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரை ஒத்த பெயர் ஏற்கப்படாது என்பதால் இரண்டு மூன்று பெயர்களைத் தயாராக வைத்திருக்கலாம். அலுவலகம் வாடகை இடமாகவோ ஒருவருடைய வீடாகவோ இருந்தால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. கடையில் விற்கும் அச்சிட்ட பைலாவை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பதிவாளர் அதை ஏற்றுக்கொள்வார், ஆனால் மேலே சொன்ன எந்தப் பாதுகாப்பும் அதில் இருக்காது. துணை விதிகளைப் பின்னர் திருத்த வேண்டுமானால் பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்கும் சிறப்புத் தீர்மானம் தேவைப்படும். இது இரு பக்கமும் வெட்டும் விதி: நல்ல விதியை யாரும் எளிதில் குலைக்க முடியாது, மோசமான விதியை எளிதில் நீக்கவும் முடியாது. அதனால் உறுப்பினர் தகுதி, வாக்குரிமை, செயற்குழு இட ஒதுக்கீடு ஆகிய மூன்று பகுதிகளையும் நாமே எழுதி, பதிவுக்கு முன் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

பதிவுச் சான்றிதழ் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டையும், இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கும் தேவை. கையொப்பமிடும் இருவரும் ஒரே பட்டறையைச் சேர்ந்தவர்களாகவோ உறவினர்களாகவோ இருக்கக் கூடாது. சந்தா சிறியதாக இருக்கட்டும், ஆனால் தவறாமல் வசூலிக்கப்படட்டும்.

முதலாண்டில் பெரிய கண்காட்சி நடத்துவதைவிடச் சில்லறை வேலைகளைச் செய்து கொடுப்பதால்தான் உறுப்பினர்கள் நிலைப்பார்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழுள்ள கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் வழங்கும் கைவினைஞர் அடையாள அட்டை, பூம்புகார் எனப்படும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்துடன் தொடர்பு, மண்பாண்டத் தொழிலாளர், பொற்கொல்லர் போன்றோருக்கான நலவாரியப் பதிவு ஆகியவற்றுக்கு ஒரு நாள் முகாம் நடத்தலாம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 25 வகைத் தொழில்களில் 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, ஆனால் 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும் வழங்குகிறது. இந்தக் கடன் தனிநபர்களுக்கானது. சங்கம் அதற்குப் பொறுப்பேற்கக் கூடாது, விண்ணப்பத்தை நிரப்பித் தருவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அதற்கான வேலையையும் முதலாண்டிலேயே தொடங்கிவிடலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிநபர் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர்களின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் சங்கமோ அமைப்போதான் விண்ணப்பிக்க வேண்டும். நீலகிரியின் தோடர் பூத்தையலுக்குத் தோடர் நலவாழ்வுச் சங்கம், கீஸ்டோன் என்ற தன்னார்வ அமைப்பு, பூம்புகார் ஆகிய மூன்றும் சேர்ந்து விண்ணப்பித்து 2013இல் பதிவு பெற்றது இதற்கு நல்ல முன்மாதிரி. சிறிய சங்கமொன்று ஆவணப்படுத்தும் திறனுள்ள அமைப்பையும் அரசுக் கழகத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதை அது காட்டுகிறது. சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்குச் செலுத்தும் விண்ணப்பத்தில் உற்பத்தி எல்லையின் வரைபடம், செய்முறை விவரம், வரலாற்றுச் சான்றுகள், பொருளின் தனித்தன்மைக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள தொடர்பு, தரத்தைச் சோதிக்கும் ஏற்பாடு ஆகியவை இடம்பெற வேண்டும். தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பு செம்மையாக இருந்தால் இவற்றில் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்டுப் பதிவகத்தின் இதழில் வெளியானதும் எதிர்ப்புத் தெரிவிக்க மூன்று மாத அவகாசம் உண்டு.

குறியீடு கிடைத்ததும் பல சங்கங்கள் ஓய்ந்துவிடுகின்றன. சங்கம் அதன் பதிவு உரிமையாளர் மட்டுமே; குறியீட்டைத் தம் பொருளில் பயன்படுத்த வேண்டிய கைவினைஞர் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியே பதிய வேண்டும். அதைச் செய்யாவிட்டால், வசதியும் தகவலும் உள்ள சிலர் மட்டும் பதிவு பெற்று, செய்த கைகளுக்குப் பயனில்லாமல் போகும். ஆகவே உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு, கூலிக்கு வேலை செய்பவர்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவருக்கும் அந்த விண்ணப்பத்தைச் சங்கமே தயாரித்துக் கொடுக்க வேண்டும். குறியீட்டுப் பதிவு பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதால், புதுப்பிக்க வேண்டிய தேதியையும் அதற்குப் பொறுப்பான பதவியையும் அப்போதே தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும்.