கடைமடைக்குப் போய்ச் சேராத பாடம்: கல்லூரியில் மூடில் தளம் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகைத் தூக்கிவிட்டால் வாய்க்காலின் கடைசி முனையான கடைமடையில், தலைஞாயிறு பக்கத்து வயல் அன்றைக்கே நனைந்துவிடாது. கல்லூரியில் இணையவழிக் கற்றல் தளத்துக்குக் குத்துவிளக்கேற்றித் தொடக்க விழா நடத்துவதும் அப்படித்தான். வாய்க்கால் வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. மூடில் அப்படியொரு தளத்தை நடத்த 2002-இலிருந்து கிடைக்கிற இலவச, திறமூல மென்பொருள். விவரம் தெரிந்தவருக்கு அதை நிறுவுவது ஒரு நாள் வேலை. அடுத்த பருவத்திலேயே யாரும் எட்டிப் பார்க்காமல் கிடக்கிறதென்றால், கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இருக்காது.

பெயர்ப்பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களைத் தளத்தில் சேர்க்க அலுவலகம் எக்செல் கோப்பு தரும்; பதிவெண்ணே பயனர்பெயராகும். பதிவெண் 12 இலக்கமாக இருந்தால் எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு, புள்ளி வைத்துப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். அப்படியே மூடிலில் ஏற்றுவதற்கான சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்தால் அந்தச் சுருக்கம்தான் கோப்பில் போகும். ஒரே வகுப்பின் 60 பேருக்கும் ஒரே பயனர்பெயர்! எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். சேமித்ததை நோட்பேடில் திறந்து சரிபாருங்கள். எக்செல்லிலேயே மறுபடி திறந்து சேமித்தால் பழைய கதைதான். பெயர்கள் தமிழில் இருந்தால் ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8’ என்ற வகையில் சேமிக்காவிட்டால் வரிசை முழுக்கக் கேள்விக்குறி நிற்கும்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. மூடில் முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டையும் கட்டாயம் கேட்கும்; நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது. ஒரு துறை அங்கே அப்பா பெயரைப் போடும், இன்னொன்று புள்ளி வைக்கும், மூன்றாவது ஊர்ப்பெயரை எழுதும். மதிப்பெண் பட்டியலை அகரவரிசையில் எடுக்கும் நாளில் தெரியும் சேதி. இனிஷியலை மட்டும் அங்கே போடுவது என்று கல்லூரி முழுமைக்கும் ஒரே முடிவாக எடுத்துவிடுங்கள்.

மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பப் படிவத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டவர்கள் பலருக்கு அந்தக் கடையின் முகவரிதான் பதிவாகியிருக்கும். ஒரே முகவரியில் இரண்டு கணக்கை மூடில் இயல்பாக ஏற்காது. ஏற்கவைத்தாலும் கடவுச்சொல் மாற்றும் அஞ்சல் கடைக்காரருக்குப் போகும். முதலில் 5 பேரை மட்டும் ஏற்றி, அவர்கள் கைப்பேசியிலேயே உள்நுழையச் சொல்லிப் பார்த்துவிட்டு மற்றவர்களை ஏற்றுங்கள்.

சர்வரில் நேர மண்டலத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று வைக்காமல் உலகப் பொது நேரத்திலேயே விட்டுவிட்டால், இரவு 11.59 என்று வைத்த கெடு மறுநாள் காலை 5.29-க்குத்தான் முடியும். காலை 10 மணித் தேர்வு பிற்பகல் 3.30-க்குத் திறக்கும். கிரான் வேலை, அதாவது சர்வர் தானாகத் திரும்பத் திரும்பச் செய்யும் பின்னணி வேலை, நிமிடத்துக்கு ஒரு முறை ஓட வேண்டும். ஓடாவிட்டால் அறிவிப்பு அஞ்சல் போகாது, நேரம் முடிந்த தேர்வுத்தாள் தானாகச் சமர்ப்பிக்கப்படாமல் தொங்கும். அஞ்சல் அனுப்ப இலவச ஜிமெயில் கணக்கைக் கட்டிவிடுவதும் வழக்கம். அதற்கு ஒரு நாள் வரம்பு 500. மூவாயிரம் மாணவர்களை ஒரே நாளில் சேர்த்தால் காலையிலேயே அடைத்துக்கொள்ளும்.

கோப்பு அளவுக்கு மூன்று நான்கு இடங்களில் மதகு இருக்கிறது: சர்வரின் பி.எச்.பி. (மூடில் எழுதப்பட்ட நிரல்மொழி) அமைப்பு, தளம், பாடம், அந்த ஒப்படைப்பு (அசைன்மென்ட்). எது குறுகலோ அதுதான் கணக்கு. பி.எச்.பி.யின் இயல்பு அளவு 2 எம்.பி.தான். கையால் எழுதிய பத்துப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்தால் பக்கத்துக்கே 3 எம்.பி. வரும். ஆசிரியர் ஒப்படைப்பில் 20 எம்.பி. என்று வைக்க நினைத்தாலும் அடியில் இருக்கிற மதகு விடாது. “சார், ஏறமாட்டேங்குது” என்ற புகாரைப் பையனின் சோம்பல் என்று தள்ளிவிடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

எதிர்த்திசையிலும் இதே கணக்குதான். ஒரு மணி நேர வகுப்புக் காணொளி எளிதாக 400, 500 எம்.பி. வரும். ஐந்து பாடம் ஏற்றினால் பையனின் அன்றைய டேட்டா தீர்ந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜி.பி. இலவசமாகத் தந்தது, அது அந்த நான்கு மாதத்தோடு சரி. 40 நிமிட விரிவுரையை 32 கே.பி.பி.எஸ். (நொடிக்கு 32 கிலோபிட்) மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலிக்கோப்பாக மாற்றினால் சுமார் 10 எம்.பி.யில் முடியும், அதோடு நான்கு பக்கக் குறிப்பு போதும். திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டுவிடலாம். கரும்பலகைக் கணக்கை மட்டும் 8 நிமிடத் துண்டுகளாகக் காணொளி எடுங்கள்.

தமிழ்த்துறைக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய குறிப்பைத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழும். யூனிகோடுக்கு மாற்றி ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தும் இந்தப் பழக்கம் போகவில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் தளம் படுத்துக்கொள்ள ஒரு காரணம் போதும்: ஆள். “கணினித்துறைதானே பார்த்துக்கொள்ளட்டும்” என்று ஒரு கௌரவ விரிவுரையாளர் தலையில் கட்டுவார்கள். நிர்வாகக் கடவுச்சொல் அவருடைய சொந்த ஜிமெயிலில் இருக்கும். அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், சாவியும் கூடவே போய்விடும். கல்லூரிப் பெயரில் ஒரு முகவரி, இரண்டு நிர்வாகிகள், கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் முதல்வர் அறையில்: இது இல்லாமல் தொடங்கவே கூடாது.

பயிற்சி என்று 120 ஆசிரியர்களைக் கருத்தரங்கக் கூடத்தில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பவர்பாயிண்ட் காட்டுவது டீ, வடை செலவுக்குத்தான் ஆகும். 15 பேராக ஆய்வகத்துக்கு அழையுங்கள். ஒவ்வொருவரும் தன் பாடத்தில் ஒரு ஒப்படைப்பை ஏற்றி, பக்கத்தில் இருப்பவர் மாணவராக நின்று சமர்ப்பித்து, அதற்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். பிறகு முதல் மூன்று வாரம் மதிய இடைவேளையில் ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும், மேசையில் ஒரு நோட்டோடு: தேதி, பதிவெண், என்ன கோளாறு, எப்படித் தீர்ந்தது. வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்வி நாற்பது முறை வரும்; நோட்டில் நாலாவது முறையிலேயே காரணம் பிடிபடும்.

கட்டாய மதிப்பீட்டை ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மணி நேரத்தில் வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சாதாரண மழைக்கே சில ஊர்களில் அரை நாள் போய்விடும். தேர்வை 48 மணி நேரம் திறந்துவைத்து, உள்ளே நுழைந்தபின் 40 நிமிடம் என்று வரையறுங்கள்.

காப்பு நகலை அதே சர்வரில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. தரவுத்தளம், ஏற்றிய கோப்புகள் இருக்கும் மூடில்டேட்டா கோப்புறை, நிரல் மூன்றும் சேர்ந்துதான் காப்பு; தரவுத்தளம் மட்டும் இருந்தால் மதிப்பெண் வரும், விடைத்தாள் வராது. ஒரு பிரதி டெல்டாவுக்கு வெளியே இருக்கட்டும். புரட்டாசி முடிவதற்குள் வேறொரு கணினியில் அதை மீட்டெடுத்து, போன பருவத்து மாணவர் ஒருவரின் விடைத்தாள் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.