பிரான்சில் சைக்கிள் பயணம்: தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம்

தோர்தோன்யு, லூபெரோன் போன்ற மேடுபள்ளமான பகுதிகளில் சைக்கிள் ஓட்டும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டால் கடையைத் தேடாதீர்கள், ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும், காசு கொடுக்க வேண்டாம். சின்ன ஊர்களில் கடை இருந்தாலும் மதியம் மூடிவிடுவார்கள், ஞாயிறு, திங்கள் கேட்கவே வேண்டாம். 1804-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லறைகளை ஊருக்கு வெளியே அமைக்கச் சொன்னதால் பல ஊர்களில் அவை சாலையோரமாகவே இருக்கின்றன. குன்றின் மேலிருக்கும் பழைய ஊருக்குள் கல் பாவிய தெருவில் ஏற வேண்டிய அவசியமும் இருக்காது. சில ஊர்களில் மட்டும் தேவாலயத்தை ஒட்டியே இருக்கும். இன்னொரு லாபம்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. அடுத்த ஊரில் நிரப்பிக்கொள்ளலாம் என்றால் ஏற்றத்தில் ஒரு பாட்டிலோடு போனால் போதும்.

எல்லா இடத்திலும் இது நடக்காது. குழாயருகே 'நோன் பொத்தாப்ல்' என்று பலகை இருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை, தலையில் ஊற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மழைநீர்த் தொட்டியிலிருந்து வருகிற குழாயையும் விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் உறைந்து வெடிக்காமலிருக்கப் பல ஊர்களில் இணைப்பையே நிறுத்திவிடுவார்கள். இரவில் வாயில் பூட்டியிருக்கலாம். அப்புறம், அடக்கம் நடந்துகொண்டிருந்தால் உள்ளே போகாதீர்கள். மற்ற நேரங்களில் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.