மதர்போர்டு மாத்தினா விண்டோஸ் புதுசா போடணுமா?

மதர்போர்டு மாத்தினாலே முதல் வேலையா ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டம்) புதுசா போட்டுடணும்னு நிறைய பேர் சொல்லுவாங்க. எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்துல அது பெரும்பாலும் சரி தான், ஏன்னா அந்த விண்டோஸ் எல்லாம் பூட் ஆகும்போது பழைய போர்டுல டிஸ்க்கை கவனிச்சுக்கற ஸ்டோரேஜ் கன்ட்ரோலருக்கான டிரைவரை (ஹார்டுவேரை ஓட்டுற சாஃப்ட்வேர்) மட்டும் தான் தேடும், வேற போர்டுல மாட்டினா டிஸ்க்கையே படிக்க முடியாம லோகோ வந்த கையோட நீல ஸ்கிரீன்ல போய் நிக்கும். விண்டோஸ் 10, 11 ரெண்டும் அப்படி இல்ல, புது போர்டைப் பாத்ததும் தானே டிவைஸ் எல்லாம் கண்டுபிடிச்சு டிரைவர் போட்டுக்கும். அதனால பழைய ஓஎஸை அப்படியே வெச்சு ஒரு தடவை பூட் பண்ணிப் பாருங்க, சரியா ஓடுச்சுன்னா விட்டுடுங்க. இன்டெல்ல இருந்து ஏஎம்டிக்கு மாறினாலும் இதே தான்.

ஆனா ஸ்க்ரூவை கழட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை தான் நிஜமாவே முக்கியம், அதுல கோட்டை விட்டா ஓஎஸ் இல்ல, டேட்டாவே போயிடும்.

பேக்கப் எடுக்கணும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கை பூட்டி வைக்கிற விண்டோஸோட என்க்ரிப்ஷன். நான் அதெல்லாம் ஆன் பண்ணவே இல்லையேன்னு நினைக்காதீங்க, விண்டோஸ் 11ல, அதுவும் 24எச்2 வெர்ஷனை புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணியிருந்தா, டிவைஸ் என்க்ரிப்ஷன்ங்கற பேர்ல அதுவே ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அதோட சாவி டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப்ல இருக்கும், டிபிஎம் போர்டுலயோ ப்ராசஸருக்குள்ளயோ இருக்கும், போர்டு மாறினதும் விண்டோஸ் சந்தேகப்பட்டு ரெகவரி கீ கேக்கும். மொத்தம் 48 நம்பர், ஆறு ஆறா எட்டு செட். பக்கத்துலயே ஒரு கீ ஐடி காட்டும், உங்க அக்கவுண்ட் பேஜ்ல ரெண்டு மூணு கீ இருந்தா அந்த ஐடியை வெச்சு எது சரின்னு பாத்துக்கலாம். கீ இல்லன்னா அந்த டிஸ்க்கை யாராலயும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்டே நினைச்சாலும் முடியாது. அதனால போர்டு மாத்துறதுக்கு முன்னாடியே செட்டிங்ஸ்ல போய் என்க்ரிப்ஷனை ஆஃப் பண்ணி, முழுசா டீக்ரிப்ட் ஆகுற வரைக்கும் பொறுமையா காத்திருங்க, கீயையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. பழைய போர்டு ஏற்கனவே செத்துப் போச்சுன்னா போன்ல உங்க அக்கவுண்டுக்குள்ள போய் கீ இருக்கான்னு முதல்ல பாத்துடுங்க. ஏஎம்டி போர்டு சிலதுல முதல் தடவை ஆன் பண்ணும்போது எஃப்டிபிஎம்மை (ப்ராசஸருக்குள்ள இருக்குற டிபிஎம்) ரீசெட் பண்ணவா, Y-யா N-ஆன்னு கேக்கும், கீ கையில இல்லாம Y அமுக்கிடாதீங்க. பின் நம்பர் போட்டு தான் லாகின் பண்றீங்கன்னா அதுவும் டிபிஎம்மோட கட்டுப்பட்டது, போர்டு மாறினா வேலை செய்யாது, அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கணும்.

லைசென்ஸ் அடுத்தது. விண்டோஸ் ஆக்டிவேஷன் முக்கியமா மதர்போர்டை வெச்சு தான் கணக்கு பண்ணும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஸ்எல்எம்ஜிஆர் அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஸ்லாஷ் டிஎல்ஐ (slmgr /dli) போட்டீங்கன்னா உங்களுது ரீடெய்லா (தனியா வாங்கினது) ஓஇஎம்மான்னு (மெஷினோடயே வந்தது) காட்டிடும். ரீடெய்ல்னா புது போர்டுக்கு கொண்டு போகலாம், அதுக்கு முன்னாடி லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட இணைச்சு வெச்சுட்டு, மாத்தின பிறகு ஆக்டிவேஷன் பேஜ்ல ட்ரபுள்ஷூட் அமுக்கி சமீபத்துல ஹார்டுவேர் மாத்தினேன்ங்கறதை செலக்ட் பண்ணணும். ஓஇஎம்னா அது பழைய போர்டோடயே போச்சு, புது லைசென்ஸ் வாங்கணும். ஃபார்மட் அடிச்சா ஆக்டிவேஷன் பிரச்சனை தீந்துடும்னு நினைக்கிறவங்க இருக்காங்க, தீராது, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம் தான். புது போர்டோட லேன், வைஃபை டிரைவரை முன்னாடியே ஒரு பென் டிரைவ்ல டவுன்லோட் பண்ணி வைங்க, நெட் இல்லாம நெட் டிரைவர் எடுக்க முடியாது. அப்புறம் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் மோட், அதாவது போர்டு விண்டோஸை ஸ்டார்ட் பண்ற முறை, யுஇஎஃப்ஐயா (புதுசு) லெகஸியான்னு (பழசு) பாருங்க. லெகஸின்னா டிஸ்க் எம்பிஆர்ங்கற பழைய பார்ட்டிஷன் முறைல இருக்கும், இப்போ வர்ற போர்டு பலதுல லெகஸி பூட் சரியா வராது, அதனால பழைய போர்டு ஓடும்போதே விண்டோஸ்குள்ளயே இருக்குற எம்பிஆர்2ஜிபிடி டூலை வெச்சு ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்திடலாம். போர்டோட ரெய்டு வசதில பல டிஸ்க்குகளை ஒண்ணா சேத்து வெச்சிருந்தா மட்டும் கொஞ்சம் நில்லுங்க, வேற போர்டு அந்த ரெய்டை அடையாளம் கண்டுபிடிக்கும்னு நம்ப முடியாது, டேட்டாவை வெளிய எடுத்த பிறகு தான் கை வைக்கணும்.

போர்டு மாட்டி ஆன் பண்ணினதும் விண்டோஸுக்குள்ள போகலன்னா உடனே ஃபார்மட்டுக்கு போகாதீங்க, பயாஸ்ல ஸ்டோரேஜ் மோட் (போர்டு டிஸ்க்கோட பேசுற முறை) பாருங்க, பழசுல ஏஎச்சிஐ மோட் இருந்து புதுசுல ரெய்டோ இன்டெலோட விஎம்டியோ ஆன்ல இருந்தா டிஸ்க் தெரியாது, அதை மாத்தினாலே பாதி கேஸ் சரியாயிடும். பூட் ஆக ஆரம்பிச்சா டிவைஸ் ரெடி பண்றோம்னு சதவீதம் ஓடும், நடுவுல நிக்கிற மாதிரி இருக்கும், ஒண்ணு ரெண்டு தடவை தானாவே ரீஸ்டார்ட் ஆகும், பவர் பட்டன் பக்கம் கை போகக் கூடாது. உள்ள போனதும் சிப்செட் டிரைவர் முதல்ல, அப்புறம் லேன், ஆடியோ. டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறி எதுவும் இருக்கக் கூடாது. மறைஞ்சிருக்கறதை காட்டுன்னு போட்டா பழைய போர்டோட டிவைஸ் எல்லாம் மங்கலா தெரியும், அதுங்க சும்மா கிடக்கும், ஒண்ணும் செய்யாது. ஆனா பழைய போர்டு கம்பெனியோட ஃபேன், லைட், ஓவர்கிளாக் சாஃப்ட்வேர் இருந்தா கண்டிப்பா எடுத்துடுங்க, அதுங்க கர்னல் (ஓஎஸோட மையப் பகுதி) வரைக்கும் டிரைவர் போட்டு வெச்சிருக்கும், வேற போர்டுல க்ராஷ் குடுக்கலாம்.

இதுக்கப்புறமும் அடிக்கடி நீல ஸ்கிரீன் வந்தா? விண்டோஸ் மேல பழி போடுறதுக்கு முன்னாடி பயாஸ்ல ரேம் ஸ்பீடை ஏத்துற எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ ஆஃப் பண்ணி ரேமை நார்மல் ஸ்பீடுல ஓட்டி, ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட் போட்டுப் பாருங்க. இதை பண்ணாம மறுபடி மறுபடி விண்டோஸ் போட்டு நாள் கணக்கா கஷ்டப்படுறவங்களை பாத்தா நிஜமாவே வருத்தமா இருக்கும். ரேம் நல்லா இருக்குன்னா, விண்டோஸ் ஐஎஸ்ஓல (இன்ஸ்டால் ஃபைல்) இருக்குற செட்டப்பை விண்டோஸ் உள்ள இருந்தே ஓட்டி ஃபைல், ஆப் எல்லாம் வெச்சுக்கற ஆப்ஷன்ல ரிப்பேர் பண்ணுங்க. அதுவும் கேக்கலன்னா தான் க்ளீன் இன்ஸ்டால், அதாவது எல்லாம் அழிச்சுட்டு புதுசா போடறது. ஏற்கனவே பல வருஷமா அப்டேட் மேல அப்டேட் போட்டு ஸ்லோவா கிடக்கிற ஓஎஸ்னாலும், பழைய லெகஸி டிஸ்க்கை கன்வெர்ட் பண்ண முடியலன்னாலும் நேரா க்ளீன் இன்ஸ்டாலுக்கே போயிடலாம், அது தப்பில்ல.

லினக்ஸ்காரங்களுக்கு பெரும்பாலும் பிரச்சனை இல்ல, டிரைவர் எல்லாம் கர்னல்லயே இருக்கு. பூட் என்ட்ரி பழைய போர்டோட மெமரில இருந்ததால லினக்ஸை ஸ்டார்ட் பண்ற க்ரப் மட்டும் காணாம போகலாம், லைவ் யுஎஸ்பில (பென் டிரைவ்ல இருந்தே ஓடுற லினக்ஸ்) போய் திரும்ப போட்டுக்கோங்க. நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பேர் மாறலாம், ஸ்டேட்டிக் ஐபி (மாறாத நெட்வொர்க் முகவரி) வெச்சிருந்தா அதையும் திருத்தணும்.

க்ளீன் இன்ஸ்டால் தான்னு முடிவு பண்ணிட்டா, ஓஎஸ் போடப் போற டிஸ்க்கை தவிர மத்த எல்லா டிஸ்க்கோட கேபிளையும் கழட்டிட்டு ஆரம்பிங்க, இல்லன்னா செட்டப் பூட் பார்ட்டிஷனை வேற டிஸ்க்ல கொண்டு போய் வெச்சுடலாம், பின்னாடி அந்த டிஸ்க்கை எடுத்தா மெஷின் பூட்டே ஆகாது.