பானெட்டில் உரிந்த கிளியர் கோட்

கடலூர் வெயிலுக்கு என் சிவப்புக் காரின் பானெட்டில் கிளியர் கோட், அதாவது பெயிண்டுக்கு மேல் இருக்கும் நிறமில்லாத படலம், செதில் செதிலாக உரிந்துவிட்டது. இதற்கு பாலிஷ் போடுவது வீண் செலவு. போன படலம் திரும்பாது.

800 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து, உரிந்த இடத்தின் விளிம்பு விரலில் தட்டாமல் போகும்வரை தேய்த்தேன். முக்கால்வாசி வேலை இதுதான். வழியும் தண்ணீர் வெள்ளையாக இருந்தால் கிளியர்தான் தேய்கிறது. சிவப்பு தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அப்புறம் பானெட் முழுக்க 1000 நம்பர் பேப்பர்.

துண்டாக அடித்தால் ஓரம் மறுபடி தூக்கும் என்பதால் முழு பானெட்டுக்கும் ஹார்டனர் (பூச்சை இறுகவைப்பது) கலந்த கிளியர் ஸ்ப்ரே, மெல்லிசாக மூன்று பூச்சு. அந்தப் புகைக்குத் துணி மாஸ்க் போதாது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்தான். கடற்காற்றின் ஈரத்தில் பூச்சு வெளுத்துப்போகும். காய்ந்த பகல் பார்த்து அடித்தேன்.

கிட்டப் பார்த்தால் லேசான மேடுபள்ளம் தெரியும். 2000 நம்பர் பேப்பரும் காம்பவுண்டும் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டால் போகும். நான் விட்டுவிட்டேன்.