முதல் க்ளிக்கை நம்பாதீர்கள்: சிறு போர்டிலிருந்து கேமராவை இயக்கும்போது செய்யும் தவறுகள்

ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சிறு கணினி போர்டில், கேமராவைக் கட்டளைகளால் இயக்கும் ஜிபோட்டோ2 என்ற நிரலை நிறுவி, கேமராவை யுஎஸ்பியில் செருகி, ஒரு வரி கட்டளை கொடுத்தால் ஷட்டர் 'க்ளிக்' என்கிறது. வேலை முடிந்தது என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைத்துக் கூரைமேல் வைத்துவிடுகிறோம். ஆனால் கேமராவும் ஒரு கணினிதான். நாம் கேட்டதை அது செய்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது மைனஸ் 53 என்ற பிழையில். 'யுஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை' என்று வரும். உடனே பலரும் கேபிளை மாற்றுவார்கள், அப்புறம் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, கட்டளையை ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் வீண். நடப்பது இதுதான்: டெஸ்க்டாப் உள்ள லினக்ஸில், கேமராவைச் செருகியதுமே ஜிவிஎஃப்எஸ் என்ற பின்னணி நிரல் அதைப் பிடித்துக்கொள்கிறது, படங்களை ஃபோல்டராகக் காட்டுவதற்காக. கேமராவோ ஒரு நேரத்தில் ஒருவர் பேச்சைத்தான் கேட்கும். அந்த நிரலை நிறுத்தினால் வழி விடும். அதைவிட, டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பைப் போட்டுவிடுங்கள். கேமராவோடு மட்டும் பேசப்போகிற போர்டுக்கு டெஸ்க்டாப் எதற்கு? சூடோவில் இன்னொரு தொல்லையும் உண்டு: இறங்கும் படங்களெல்லாம் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் கிடக்கும், பிறகு உங்கள் சொந்த ஸ்கிரிப்டாலேயே அவற்றை நகர்த்த முடியாது.

அடுத்தது ஃபோகஸ். இது என் சொந்தச் சூடு. மாலையிலிருந்து விடியும்வரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று ஓடவிட்டிருந்தேன். காலையில் பார்த்தால், நன்றாக இருட்டியதோடு படங்கள் நின்றுபோயிருந்தன. ஸ்கிரிப்ட் மட்டும் இரவு முழுக்கச் சலிக்காமல் ஓடியிருந்தது. காரணம் எளிது. லென்ஸ் ஆட்டோ ஃபோகஸில் இருந்தது. இருட்டில் ஃபோகஸ் பிடிபடாததால் கேமரா ஷட்டரைத் திறக்க மறுத்துவிட்டது. கட்டளை தோற்றுத் திரும்பியதை என் லூப் கண்டுகொள்ளவே இல்லை. லென்ஸில் உள்ள சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளியிருந்தால் போதும், இரண்டு விநாடி வேலை. அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் அது திருப்பித் தரும் எண் பூஜ்யமா என்று பார்ப்பேன். கோப்பு வந்திருக்கிறதா, அதன் அளவு நம்பும்படி இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான்.

நேர இடைவெளியிலும் கணக்கு பிசகும். 30 விநாடி எக்ஸ்போஷர், 40 விநாடிக்கு ஒரு படம் என்றால் சரியாகத்தானே தெரிகிறது? கேமரா மெனுவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், அது ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 விநாடி வெறும் இருட்டையும் எடுக்கும். 60 விநாடிக்குப் பிறகுதான் படத்தை அனுப்பவே தொடங்கும். இடையில் நீங்கள் கொடுக்கும் கட்டளைக்கு 'வேலையாக இருக்கிறேன்' என்றுதான் பதில் வரும்.

படம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பாருங்கள். கேனான் கேமராக்களில் கேப்சர் டார்கெட் என்ற அமைப்பு உண்டு: உள் ரேம், அல்லது மெமரி கார்டு. உள் ரேமில் வைத்துக்கொண்டு இறக்காமல் வெறுமனே படம் மட்டும் எடுத்தால், அது எங்கும் தங்காது. அமைப்புகளின் பெயர்கள்கூடக் கேமராவுக்குக் கேமரா மாறும். லென்ஸ் திறப்பின் அளவு, கேனானில் அப்பர்ச்சர் என்று இருப்பது நிக்கானில் எஃப்-நம்பர். இணையத்தில் கண்ட ஸ்கிரிப்டை அப்படியே ஒட்டுவதற்கு முன், உங்கள் கேமராவிடமே அமைப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் யுஎஸ்பியில் சார்ஜ் ஆகாது. நீண்ட நேரம் ஓட வேண்டுமானால், பேட்டரி இடத்தில் பொருந்தி வெளி மின்சாரத்தைத் தரும் டம்மி பேட்டரி வேண்டும். மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப்பை நிறுத்திவிடுங்கள். ராஸ்பெர்ரி பை ஜீரோவில் இரண்டு மைக்ரோ யுஎஸ்பி துளைகளில் ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு மட்டும். கேமராவை மற்றதில் ஓடிஜி அடாப்டர் வழியாகத்தான் செருக வேண்டும்.

பலர் மறந்துவிடுவது கடிகாரம். பை 4 வரை போர்டில் சொந்தக் கடிகாரம் கிடையாது. பை 5-இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் மின்சாரம் போய் வந்தால் போர்டு பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். கோப்புப் பெயரில் நேரத்தை மட்டும் நம்பியிருந்தால் வரிசை குழம்பும், ஒரே பெயர் திரும்ப வந்தால் பழைய படமே அழியலாம். பெயரில் ஒரு தொடர் எண்ணையும் சேர்த்து, கடைசி எண்ணைக் கோப்பில் எழுதி வையுங்கள்.

ஆர்டுயினோ ஊனோ என்ற எளிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டை வைத்து இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: அது தானாக யுஎஸ்பி ஹோஸ்ட் ஆகாது, அதாவது கணினியைப் போல இன்னொரு யுஎஸ்பி சாதனத்தை இயக்காது. மேக்ஸ்3421இ சிப் உள்ள ஹோஸ்ட் ஷீல்டு என்ற கூடுதல் போர்டை அதன்மேல் பொருத்த வேண்டும். அதன் வேகமும் விநாடிக்கு 12 மெகாபிட்தான். 25 எம்பி ரா கோப்பு (கேமராவின் மூலப் படம்) ஒன்றை இழுக்கக் கணக்குப்படியே 17 விநாடி ஆகும், நடப்பில் இன்னும் கூடுதலாக. அங்கே ஷட்டரை மட்டும் தட்டிவிட்டு, படத்தைக் கார்டிலேயே விட்டுவிடுங்கள்.