ஆரஞ்சு என்ற பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரஞ்சுப் பழத்தில் ஆறும் அஞ்சுமாகப் பதினொரு சுளைகள் இருப்பதால் அது ‘ஆறஞ்சு’ எனப்பட்டு, பின்னர் ‘ஆரஞ்சு’ ஆனது என்ற விளக்கம் தமிழர்களிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. கேட்க இனிமையாக இருந்தாலும் இதை நாம் கைவிடத்தான் வேண்டும். சுளைகளின் எண்ணிக்கை பழத்துக்குப் பழம் மாறும் என்பது நாலைந்து பழங்களை உரித்து எண்ணினாலே தெரிந்துவிடும். அதைவிட வலுவான சான்று சொல்லின் உறவுகளிடம் இருக்கிறது: சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நரான்ஹா என அவை யாவும் ‘ந’ ஒலியில் தொடங்க, ஆறில் தொடங்கும் கதையால் அந்த ஒலிக்குக் காரணம் கூற முடியாது.

இந்தச் சொல்லின் வேர் திராவிட மொழிகளில் இருப்பதாக அகராதிகள் பல கருதுகின்றன; நம் நாரத்தையும், மலையாளத்தின் நாரங்ஙாவும், தெலுங்கின் நாரிஞ்ஜவும் அந்தக் குடும்பத்தவை. இதைக் கொண்டு, ஆங்கிலேயர் தமிழிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதுவது அடுத்த தவறு. மேலே சொன்ன மொழிகளின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்ற சொல், இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முதல் ஒலியை இழந்து ஆங்கிலத்தை அடைந்து, பிறகே ‘ஆரஞ்சு’ என்ற வடிவில் நம்மிடம் திரும்பியது. ஆகவே ‘ந’ ஆங்கிலத்தில்தான் உதிர்ந்தது என்பதும் சரியன்று.

எந்தப் பழம் என்பதிலும் கவனம் தேவை. அரபியர் மேற்கே கொண்டுசென்ற நாரஞ்ச், கசப்பும் புளிப்பும் உடையது. இனிப்பு வகையைப் பிற்காலத்தில் போர்த்துக்கீசியர் பரப்பியதால், அரபியில் ‘புர்துகால்’, கிரேக்கத்தில் ‘போர்தொகாலி’ என அவர்கள் நாட்டின் பெயரே இனிப்புப் பழத்துக்கு அமைந்தது. ஆங்கிலத்தில் நிறப்பெயரும் பழத்திலிருந்து வந்ததே. நிறத்தால் பழம் பெயர் பெறவில்லை.

நாரத்தையைச் சங்க இலக்கியம் கூறும் நரந்தம் என்ற மணமுள்ள தாவரத்தோடு இணைப்போர், ‘நாறும்’ என்ற சொல்லை இன்றைய பொருளில் கொண்டு தயங்க வேண்டியதில்லை. புறநானூற்றின் 235ஆம் பாடலில், அதியமான் ‘நரந்தம் நாறும் தன் கையால்’ தம் தலையைத் தடவிக்கொடுத்ததை ஔவையார் நினைந்து உருகுகிறார். அங்கே நாறுதல் மணத்தலே. ஆனால் நரந்தம் வரும் இடமெல்லாம் பழமரம் என்று கொள்வதும் பிழையாகும், ஏனெனில் அதே நூலின் 132ஆம் பாடலில் கவரிமான் மேய்வது ‘நரந்தை நறும்புல்’.